பதினோரு பால்குடம்

விரதம் தொடங்கிவிட்டால் என் கணவர் மோகனராஜின் பக்கத்தில்கூட நான் உட்கார மாட்டேன். காரில் பின் சீட்தான். இன்று கிளினிக்கிலும் நடுவில் ஒரு நாற்காலியை விட்டே உட்கார்ந்தேன். இவரைத் தொட்டு இருபது நாளாகிறது. தைப்பூசம் முடியும்வரை அப்படித்தான். பதினோரு வருடத்தில் இவருக்கும் பழகிவிட்டது.

ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் பிளாட்டில் மூன்று வீடுகளில் டிங்கி, அந்தக் கொசுக்காய்ச்சல். தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று போன வாரம் வந்தோம். முன்பே டிங்கி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டுப் போடலாம் என்றார் டாக்டர் ஹமீதா. ஒரு முறை வந்தால் அதன் அடையாளம் வருடக்கணக்கில் ரத்தத்திலேயே இருக்குமாம்.

"இவருக்கு வந்திருக்கு டாக்டர். ஜொகூர்ல வேலை செஞ்சப்போ பத்து நாளு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. எனக்கு ஒன்னும் வந்ததில்ல," என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

பதினோரு வருடத்துக்கு முன் அந்தப் பத்து நாளில்தான், இவர் பிழைத்து வந்தால் ஆயுசுக்கும் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பார்க்க வருகிறேன் என்றதற்கு, பிள்ளைகளை விட்டுவிட்டு வராதே என்று போனில் கெஞ்சினார். என்ன அக்கறை என்று அழுதேன்.

இன்று டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். "ரமணிக்கா, உங்களுக்கு முன்ன டிங்கி வந்திருக்கு. அண்ணனுக்கு வந்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "மாத்திப் படிச்சிட்டீங்க டாக்டர்."

டாக்டர் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் விரல் வைத்துக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. எனக்கு எப்போது வந்தது என்று கேட்டேன். இந்தப் பரிசோதனை தேதியெல்லாம் சொல்லாது என்றார். எனக்குப் பால்குடம் எடுத்த அந்த முதல் வருடம் ஞாபகம் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுக்கு மூட்டு வலி. விரதப் பசி என்று நினைத்து, இரண்டு பெனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, குடத்தோடு அத்தனை படியும் ஏறினேன்.

இவர் பக்கம் திரும்பினேன். சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில பேருக்கு வந்தது தெரியாமப் போறதும் உண்டு," என்றார் டாக்டர். "சந்தேகமா இருந்தா இன்னொரு தடவ ரத்தம் எடுத்துப் பாக்கலாம் லா."

அந்த வார்த்தையை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஆமாம், எடுங்கள் என்று பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

"அதெல்லாம் வேணாம் டாக்டர்," என்று முழுக்கைச் சட்டையின் கையை இறக்கிவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டார்.

அந்தப் பத்து நாள் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார்? நடுவில் காலியாக இருந்த நாற்காலிக்கு நகர்ந்தேன். இவர் கையை இழுத்துப் பிடித்து அந்தப் பொத்தானைக் கழற்றினேன்.

"ரமணி, விரதம்," என்றார் மெதுவாக.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கையை டாக்டரின் மேசைமேல் நீட்டிவைத்தேன். என் பிடியை விடவில்லை.