நாற்பது றாத்தல் என்று நான் சொன்ன வில்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் சண்முகராஜா ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார். மாதம் ஒரே ஒரு பிரதி. ஒருவர் படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். போன மாதம் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவராச்சே. வேட்டைக்கு ஏத்த வில்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. நம்ம ஆளுங்க ஆசையாப் படிப்பாங்க" என்றார்.

நான் சரி என்றேன். உண்மையில் வேட்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வாழ்நாளில் ஒரே ஒரு வில்லைத்தான் எடை போட்டிருக்கிறேன், அதையும் தப்பாகப் போட்டேன்.

கட்டுரையாகத்தான் தொடங்கினேன். அது கதையாக மாறிவிட்டது. கதை என்றால் கொஞ்சம் பொய் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நப்பாசையும் இருந்தது. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2

கட்டுரை இப்படி இருந்தது:

"நாணை அம்பின் நீளத்துக்கு இழுக்க எத்தனை றாத்தல் பாரம் வேண்டுமோ, அதுவே வில்லின் வலு. வலு குறைந்தால் அம்பு பன்றியின் தோலில் தட்டிக் கீழே விழும். கூடினால் இழுத்த கை நிற்காது. வேட்டையில் இழுத்தவுடன் விட முடியாது. மிருகம் விலாவைக் காட்டும்வரை இழுத்தபடியே காத்திருக்க வேண்டும். ஆகவே ஒருவன் எவ்வளவு இழுப்பான் என்று பார்க்கக் கூடாது, எவ்வளவு இழுத்து நிறுத்துவான் என்று பார்க்க வேண்டும். இது தெரியாத வீண் ஜம்பக்காரன் தன் கைக்கு மீறிய வில்லை எடுத்துக்கொண்டு—"

இங்கே நிறுத்தினேன். ஜம்பக்காரன் என்று எழுதியபோது என் மனதில் இருந்தவன் எங்கள் தோட்டத்துத் தொழிலாளி மாரிசாமி. அவனிடம் ஜம்பம் மருந்துக்கும் கிடையாது. ஒரு பக்கம் முடிவதற்குள் பழியைத் தூக்கி அவன் தலையில் வைக்கப் பார்த்திருக்கிறேன்.

3

சரி, கதையாகவே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் ஆண்டில் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு கொடிய காட்டுப்பன்றி..." (பன்றி கிழங்கு தோண்டித் தின்றது. அதில் கொடுமை என்ன இருக்கிறது? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "அன்றைக்குத் துரை மட்டும் தோட்டத்தில் இருந்திருந்தால்..." (துரை ஹல்துமுல்லைக்குப் போயிருந்தார். துரைமார்மீது சொல்ல எவ்வளவோ பழி உண்டு, இந்தப் பழி மட்டும் அவர்களுடையதில்லை. அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: "காமில் கொண்டுவந்த வில்லில் ஏதோ ஒரு கோளாறு..." (சுத்தப் பொய். காமில் மொனராகலைப் பக்கமிருந்து பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் கொண்டுவருகிற வியாபாரி. அவர் கொண்டுவந்தது நல்ல வில். இதை அடிக்கும்போது காகிதம் கிழிந்துவிட்டது.)

நான்காவது: "தராசைப் பார்த்து எடையைச் சொன்னவன் நான்."

இதை அடிப்பதற்குக் காரணம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே இங்கிருந்தே தொடங்குகிறேன்.

4

தராசைப் பார்த்து எடையைச் சொன்னவன் நான்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் அவர்கள் போட்டிருந்த மரவள்ளிப் பாத்திகளைப் பன்றி ஒன்று நாசம் செய்துகொண்டிருந்தது. லயத்துச் சனங்களின் கையில் துவக்கு, அதாவது துப்பாக்கி, கொடுக்க மாட்டார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மாரிசாமி, ஊரில் வில்லால் முயல் அடித்துப் பழகியவன், "நான் பாத்துக்கிறேங்க" என்று முன்வந்தான். காமிலிடம் சொல்லிவைக்க, அவர் இரண்டு வில் கொண்டுவந்தார். ஒன்று கனமானது, ஒன்று லேசானது.

அவர் வந்து சேர்ந்தது அந்தியில், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் நேரம். மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், நாற்பது பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள். மாரிசாமியின் மனைவி இராக்கம்மா முன்வரிசையில் இருந்தாள். பகல் முழுக்க மழை.

"இழுத்துப் புடிச்சு மூணு மூச்சு விடுங்க. கை ஆடாட்டி அது ஒங்கட வில்லு. ஆடினா வேற ஆளுட வில்லு" என்றார் காமில்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "தராசை வச்சுக்கிட்டு எதுக்குய்யா மூச்செல்லாம் எண்ணிக்கிட்டு?" என்று எழுந்தேன். எல்லோரும் ஆவலோடு பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

முதலில் மாரிசாமியின் கையை அளந்தேன். தராசை ஒரு தூணில் கட்டி, அதன் கொக்கியை வில் இழுப்பதுபோல இழுக்கச் சொன்னேன். நாற்பது றாத்தலில் மூன்று மூச்சுக்கும் முள் அசையாமல் நின்றது. அதற்கு மேல் போனால் கை ஆடியது. அவனுக்கு ஏற்றது நாற்பது றாத்தல் வில்.

அடுத்து கனமான வில். அதன் நடுவை உத்தரத்து ஆணியில் மாட்டி, நாணில் ஒரு கூடையைத் தொங்கவிட்டு, ஈரக் கொழுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொன்னேன். நாண் அம்பின் நீளத்துக்கு இறங்கியதும் கூடையைக் கழற்றித் தராசில் மாட்டினேன். முள் ஐம்பதில் நின்றது.

"நாப்பது!" என்று கத்தினேன்.

[தோட்டத்தில் இராதவர்களுக்கு ஒரு விளக்கம். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் தண்ணீருக்கும் என்று கொஞ்சம் கழிப்போம். நான் பத்து றாத்தல் கழிப்பேன். கூடை மூன்று றாத்தல் இருக்கும். வெயில் காலத்திலும் பத்துதான் கழிப்பேன். ஆறு வருஷப் பழக்கத்தில் கண் ஐம்பதைப் பார்த்தால் வாய் நாற்பது என்று சொல்லும்.]

ஆனால் நாணை இழுத்தது கொழுந்து மட்டுமா? கூடையும் சேர்ந்து இழுத்தது. தண்ணீரும் சேர்ந்து இழுத்தது. வில்லின் எடையில் கழிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

5

இந்தப் பகுதியை ஏழு தரம் எழுதியிருக்கிறேன். ஏழிலும் நான் கொஞ்சம் நல்லவனாக இருந்தேன். இது எட்டாவது.

இராக்கம்மாதான் கேட்டாள். "ஐயா, கூடையும் தண்ணியும் சேந்துதானே நாணை இழுத்துச்சு? அதை ஏன் கழிக்கிறீங்க?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தயவுசெய்து இதைக் கவனித்துப் படியுங்கள். பிறகு யோசித்துப் புரிந்துகொண்டதாக இரண்டாவது பிரதியில் எழுதினேன், அது பொய். அவள் வாயை மூடுவதற்குள் புரிந்துவிட்டது.

ஐம்பது என்று திருத்தியிருக்கலாம். திருத்தினால் அடுத்த கேள்வி, பத்து ஏன் கழித்தீர்கள் என்று வரும். கூடை மூன்று றாத்தல்தானே என்று வரும். நேற்று மழையில்லையே, நேற்றும் ஏன் கழித்தீர்கள் என்று வரும். பின்னால் நாற்பது கூடைகள் நிற்கின்றன.

"நிறுக்கிறது யாரு, நீயா நானா? நாப்பதுன்னா நாப்பதுதான்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாரிசாமி வில்லை எடுத்து இழுத்தான். காமில் மூச்சு எண்ணினார். இரண்டாவது மூச்சிலேயே அவன் முழங்கை நடுங்கியது.

"கை ஆடுதுங்க ஐயா."

"அது ஒங்கட வில்லு இல்ல, தம்பி. மத்தத எடுங்க" என்றார் காமில்.

மாரிசாமி லேசான வில்லை எடுக்கக் கையை நீட்டினான். அதை எடுத்திருந்தால் இன்று நான் சண்முகராஜாவுக்கு வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் லேசான வில்லை எடுத்தால் என் தராசு பொய் என்று ஆகிவிடும். அதனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"இப்பத்தானேடா நாப்பதைப் புடிச்சு நின்னே? பொம்பளைங்க பாக்குறாங்கன்னதும் நடுங்குதோ?"

(இந்தப் பேச்சை வேறு யாராவது பேசியதாக எழுத முடியுமா என்று பார்த்தேன். காமில் பேசமாட்டார். பெண்கள் பேசமாட்டார்கள். அங்கே அப்படிப் பேசக்கூடியவன் நான் ஒருவன்தான் இருந்தேன்.)

மடுவம் சிரித்தது. இராக்கம்மா சிரிக்கவில்லை. மாரிசாமியும் ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுக் கனமான வில்லையே தோளில் மாட்டிக்கொண்டான்.

"ஐயா நிறுத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

6

வேட்டையைப் பற்றி விரிவாக எழுத எனக்கு உரிமை இல்லை. நான் அங்கே இல்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் நடந்ததை இராக்கம்மா லயத்து வாசலிலிருந்து பார்த்திருக்கிறாள். அவள் சொன்னது இவ்வளவுதான்.

பன்றி பாத்திக்கு வந்தது. மாரிசாமி வில்லை இழுத்தான். பன்றி அவனுக்கு நேர்முகமாக நின்றது. அது திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கை நடுங்கியது. நாண் நழுவியது. பாதி வேகத்தில் போன அம்பு பன்றியின் பின்தொடையில் குத்தியது. பன்றி திரும்பி வந்து அவன் தொடையைக் கிழித்தது.

கம்பளியில் போட்டுப் பதுளைக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் தப்பியது. வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் கவ்வாத்துக் கத்தி பிடிக்கவில்லை.

லயத்தில் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். 'நாப்பது' என்று. நாற்பது றாத்தலைப் பிடித்து நிற்கத் தெரியாதவன் என்று அர்த்தம். பெரியவர்கள் கேலியாகக் கூப்பிட்டார்கள். பிறகு குழந்தைகள் கேலி என்றே தெரியாமல் கூப்பிட்டன. அவனும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பான். தன் கை தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நம்பியவன் வேறு என்ன செய்வான்?

அடுத்த வருஷம் நான் தோட்ட வேலையை விட்டுப் பதுளைக்கு வந்துவிட்டேன். மனம் கேட்காமல் விட்டேன் என்று எழுத ஆசைதான். இங்கே நல்ல வேலை கிடைத்தது, வந்தேன்.

7

இனி முடிவு. மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்கும்போது கணக்கப்பிள்ளை முன்னால் வந்து, "அது ஐம்பது றாத்தல் வில், நான்தான் பொய் சொன்னேன்" என்கிறார். இதை இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. பிறகு கிழித்தேன். அப்படி ஒரு கணக்கப்பிள்ளை எங்கள் தோட்டத்தில் இருக்கவில்லை.

ஆ) மாரிசாமி கோலை ஊன்றிக்கொண்டு வந்து, "போகட்டும் விடுங்க ஐயா" என்று மன்னித்துவிடுகிறான். எதை மன்னிக்கிறோம் என்றே தெரியாதவன் வாயில் மன்னிப்பைத் திணிக்கப் பார்த்தேன். இதுவும் போயிற்று.

இ) மாரிசாமி எப்போதோ செத்துவிட்டான். ஆகவே உண்மையைச் சொல்வதற்கு ஆளில்லை. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதை எழுதும்போது மனதுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

அவன் சாகவில்லை.

8

சண்முகராஜா கட்டுரை கேட்ட அதே வாரம், அவர் கடை வாசலில் இராக்கம்மா என்னைக் கண்டுகொண்டாள். பதினேழு வருஷம் ஆகியிருந்தது. தலை நரைத்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் கும்பிட்டுவிட்டாள்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். மாரிசாமி எப்படி?"

"நெஞ்சுல சளி கட்டிப் படுத்துட்டாருங்க. ரொம்ப நாளு தாங்காதுன்னு சொல்லிட்டாங்க." பிறகு சொன்னாள்: "அது அம்பது றாத்தல் வில்லுதானுங்களே ஐயா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"நான் அவருகிட்ட எத்தனையோ தடவ சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கிறாரு. 'நீ என் மனசத் தேத்தச் சொல்றே, கணக்கப்பிள்ளை ஐயா எதுக்குப் பொய் சொல்லப் போறாரு'ங்கிறாரு. போற நேரத்துலயும் அந்தக் கையத்தான் பாத்துப் பாத்துப் படுத்திருக்காரு. நீங்க ஒரு நடை வந்து அவருகிட்டச் சொல்லணும். மன்னிப்பெல்லாம் கேக்க வேணாங்க. அம்பதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துருங்க."

"ஞாயித்துக்கெழமை வர்றேன்" என்றேன்.

அவள் என்னை நம்பிவிட்டாள். முகத்தைப் பார்த்தேன், நம்பித்தான் போனாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மழை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மூன்றாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் இந்தக் கதையை எழுதினேன். எழுதுவதும் சொல்வது மாதிரித்தானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

9

சண்முகராஜா முடிவு எங்கே என்று ஆள் அனுப்பிவிட்டார். முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன் என்று எழுதி நழுவப் பார்த்தேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் யோசித்துப் பார்த்தேன்.

உங்களில் இளகிய மனம் உள்ள ஒருவர் இந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நமுனுகுலைக்கு நடக்கலாம். அரை நாள் நடைதான். மாரிசாமியின் பக்கத்தில் உட்கார்ந்து இதை முதலிலிருந்து படித்துக் காட்டலாம். அவன் மரியாதையாகக் கேட்பான். கடைசியில், "கதை நல்லாத்தாங்க இருக்கு. ஆனா ஐயா அப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு" என்பான். நீங்கள் எவ்வளவு சத்தியம் செய்தாலும் நம்பமாட்டான். பெண்டாட்டியையே நம்பாதவன் உங்களையா நம்பப்போகிறான்?

அவன் நம்பக்கூடிய வாய் ஒன்றே ஒன்றுதான். இன்று ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, மணி ஏழு, மழை இல்லை, வீட்டுக்கு யாரும் வரவில்லை, அந்த வாய்க்குச் சொந்தக்காரன் மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று