கை தட்டாதீங்க

சவப்பெட்டியை மூட ஆள் வருவதற்குள் இடலீனா தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, அப்பாவின் நெற்றியில் பூசியிருந்த பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடக்க வேலைக்கு வந்த எவனோ தழும்பெல்லாம் மறையும்படி மழமழவென்று பூசிவைத்திருந்தான். தெரியட்டுமே. புருவத்துக்கு மேலே ஒன்று, முடி ஓரத்தில் ஒன்று, மூக்குத்தண்டில் ஒன்று. வந்தவர்கள் நன்றாகப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

"மனுஷனை இப்பவாவது நிம்மதியா விடேன்டி," என்றாள் அம்மா தெயோலிந்தா, நாற்காலியை விட்டு எழாமல்.

"நானா அவரை நிம்மதியா விடாதவ? நல்லாருக்கும்மா நீ சொல்றது."

மத்தோசின்யூஷ் துறைமுகத்துக்கு மேலே, மாதா கோவிலை ஒட்டிய அந்தச் சின்னக் கூடத்தில் காலையிலிருந்து ஆம்பளைக் கூட்டம். அப்பா அதெலீனு இந்த ஊர் கால்பந்து கிளப்பின் தடுப்பாட்டக்காரர். உயரமாக வந்த பந்தையெல்லாம் தலையால் முட்டித் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவர். அந்தக் காலத்துத் தோல்பந்து மழையில் ஊறினால் செங்கல்லாகக் கனக்கும். துக்கம் கேட்க வந்தவன் எல்லாம் அதையே சொன்னான். என்ன தலை, அப்பப்பா, என்ன தலை. அந்தத் தலைக்குக் கடைசி இரண்டு வருஷமாகப் பெற்ற மகளை அடையாளம் தெரியவில்லை. அதை மட்டும் ஒருத்தனும் சொல்லவில்லை.

கிளப் தலைவர் வல்டெமார் சென்ட் மணக்க வந்து அவள் பக்கத்தில் நின்றார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அப்பா ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க வயசு போதாது.

"வெளிய ஊரே நிக்குதும்மா. பெட்டி வாசலுக்கு வந்ததும் எல்லாருமாக் கை தட்டி அனுப்பி வைக்கலாம்னு இருக்கோம்."

"வேணாம்."

"வழக்கம்தானே. கிளப்போட மரியாதை."

"கை தட்டக் கூடாதுன்னு சொன்னேன், தலைவரே."

செஃபெரீனு குறுக்கே வந்தார். அப்பா காலத்து கோல்கீப்பர். ஒடிந்து ஒடிந்து கூடிய விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்க்கும். "கோவத்துல பேசாதம்மா. உங்கப்பனுக்குக் கைதட்டல்னா உசிரு."

இடலீனாவுக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது.

"உசிரா, மாமா? எங்க வீட்டு டிவியில மூணு வருஷமா சத்தம் வெச்சதில்ல. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா? எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதுல எவனாவது கை தட்டினாப் போதும், சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிட்டு எந்திரிப்பாரு. கழுத்தை நீட்டிக்கிட்டு ஓடிப்போய் செவுத்துல முட்டுவாரு. ரத்தம் ஒழுகும். ஒழுக ஒழுகத் திரும்பி வந்து நிப்பாரு, அடுத்த பந்துக்கு."

ஈரக் கைக்குட்டையோடு கையை நீட்டிக் கூட்டத்தைச் சுட்டினாள்.

"நீங்க தட்டினீங்க, அவரு முட்டினாரு. இன்னும் தட்டினீங்க, இன்னும் முட்டினாரு. தலை கலங்கிப் போனப்புறம் இதுல ஒருத்தராவது வாசப்படி மிதிச்சீங்களா? இன்னிக்கு எவனாவது கையைத் தூக்கினா, பெட்டியை நடு ரோட்டுல எறக்கி வெச்சிருவேன். சொல்லிட்டேன்."

வல்டெமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செஃபெரீனு அவர் தோளைத் தொட்டுத் தடுத்தார். "நான் போய்ச் சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

கூட ஆடிய கிழவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். வாசலில் கடல்காற்று முகத்தில் அடித்தது. எங்கோ மத்தி மீன் சுடும் வாசம். படிக்கட்டின் இரண்டு பக்கமும் ஊர் நின்றது. சிலர் கையைப் பைக்குள் விட்டிருந்தார்கள், சிலர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஒருவர் குளிர் தாங்காதவர் மாதிரி அக்குளில் செருகியிருந்தார். செருப்புச் சத்தம் தவிர ஒன்றுமில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் ஆத்திரம் ஆறவில்லை. கையை மடக்கி வைத்துக்கொள்வது இவர்களுக்கு இத்தனை சுலபம் என்றால் அன்றைக்கு ஏன் செய்யவில்லை என்று இன்னும் எரிந்தது.

அப்போதுதான் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டது. தட்டியது அம்மா.

அம்மா மைதானத்துப் பக்கமே போனவள் இல்லை. ஆட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தெரு தள்ளி அடுப்படியில் நிற்பாள். கூட்டம் தட்டும் ஓசை காற்றில் வரும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

"அம்மா, நிறுத்தும்மா."

"நான் அந்த மனுஷனுக்கு ஒரு தடவைகூடத் தட்டினதில்லடி," என்றாள் அம்மா, பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இனிமே அவருக்கு அடிபடாதில்ல."

கூட்டத்தில் ஒருத்தன் பையிலிருந்து கையை எடுத்தான். இடலீனா அவனை முறைத்தாள். கை திரும்பப் பைக்குள் போயிற்று.

அம்மா விடாமல் தட்டினாள். முழங்கையில் மாட்டியிருந்த கைப்பை ஒவ்வொரு தட்டுக்கும் ஆடி அவள் கையை இடித்துக்கொண்டிருந்தது. இடலீனா அதை மெல்லக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.