திரையில் துள்ளிய பிள்ளை

ஆர்த்திக்கு அந்த ஸ்கேன் மிஷின் மேல் கோபம் கோபமாக வந்தது. காதுக்கு எட்டாத சத்தத்தை வயிற்றுக்குள் அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் போடுகிறதாம். சத்தத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிற மிஷினுக்கு, உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் காது கேட்குமா என்று மட்டும் சொல்லத் தெரியாதாம்!

"ரெண்டு காதும் அழகா இருக்கும்மா. கேக்குதான்னு பொறந்த பெறகுதான் பாக்கணும்," என்றார் டாக்டரம்மா.

மூத்தவள் பிரீத்திகாவுக்கும் காது அழகாகத்தான் இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது, தீபாவளியன்று வாசலில் சரம் வெடிக்கையில் அவள் அசையாமல் தூங்கியதைப் பெரிய தைரியம் என்று கொண்டாடிய குடும்பம் இது. பட்டாசுக் கம்பெனிக்காரன் பிள்ளை பின்னே எப்படி இருக்கும் என்று அவள் அப்பன் காளீஸ்வரன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். அவளுக்குக் காதே கேட்காது என்று தெரிய இரண்டு வருஷம் ஆனது. அந்த ஆற்றாமை ஆர்த்திக்கு இன்னும் தீரவில்லை. இப்போது மறுபடியும் ஏழு மாசம். பிள்ளையோடு பயத்தையும் சேர்த்துத்தான் சுமந்தாள்.

டாக்டரம்மா கருவியை வயிற்றிலிருந்து எடுக்கப் போன நேரம், வெளியே பெரிய வெடிச் சத்தம். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. திரையில் பிள்ளை கையைக் காலை உதறித் துள்ளியது.

"கேட்டுருச்சு! டாக்டர், பாத்தீகளா?"

"அதிர்வுல கூட அசைஞ்சிருக்கலாம்மா. ஒரு தடவைய வச்சு எதுவும் சொல்ல முடியாது."

இன்னொரு தடவை வெடிக்கட்டும். ஒரே ஒரு தடவை. ஆர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக் கிடந்தாள்.

தெருவில் சனம் ஓடியது. ஜன்னலில் எட்டிப் பார்த்த நர்ஸ் தங்கத்தாய் முகம் வெளிறித் திரும்பினாள்.

"யக்கா, விஸ்வநத்தம் பக்கம் புகையுது. அண்ணன் எங்கன இருக்காக?"

அப்போதுதான் ஆர்த்திக்குப் புருஷன் நினைவே வந்தது. அவன் கம்பெனி அங்கேதான். தான் எதை வேண்டிக்கொண்டு கிடந்தோம் என்பது உறைக்க, எட்டிப் போனை எடுத்து அவனுக்கு அடித்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துக் கம்பெனி. ஆளுக உள்ள மாட்டிக்கிட்டாக." அவனுக்குப் பின்னால் ஒரு பெண் யாரையோ பேர் சொல்லிக் கதறிக்கொண்டிருந்தாள். "நீ சொல்லு. பிள்ளைக்குக் காது கேக்குமா? என்ன சொன்னாக?"

பிள்ளை துள்ளியது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தக் கதறல் நிற்கவே இல்லை.

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்," என்றாள்.