நான்கு நாள் தூண்டில்

லியனார்ட் பழைய செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி, அந்த ரப்பர் துண்டில் தூண்டில் முட்களை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாகக் கடவுச்சீட்டு எடுத்திருக்கிறார். விசா விண்ணப்பத்தில் பயண நோக்கம் என்ற இடத்தில் மகள் யூஜினா 'சுற்றுலா' என்று நிரப்பினாள். மீன் பிடிக்கப் போவதற்கு அதில் தனி இடம் இல்லை.

"ஏங்க, முள்ள கைப்பையில வச்சிறாதீங்க. ஏர்போட்ல புடுங்கி வச்சிக்குவாங்க" என்றாள் மனைவி றோசலின்.

"பெரிய பேக்லதான் போவுது."

கட்டிலில் திறந்து கிடந்த அந்தப் பையில் இரண்டு ஸ்வெட்டர்கள், மழைக்கோட்டு, மாசிச் சம்பல் போத்தல், கித்துள் கருப்பட்டி, ஒரு கிலோ தேயிலைத் தூள். போகிற இடம் கோத்தகிரி. அங்கேயும் தேயிலைதான் என்று எத்தனை தடவை சொன்னாலும் றோசலின் கேட்கவில்லை. "அவருக்கு நம்ம தூளு குடிச்சி நாப்பது வருசமாயிருச்சுங்க" என்று அதை ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்தாள்.

'அவர்' அழகன். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் லியனார்டின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் மூங்கில் கம்புகளோடு காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு ஓடுவார்கள். பாண் ரொட்டித் துண்டைப் பிசைந்து முள்ளில் ஒட்டிவிட்டு, தக்கை அசைவதையே பார்த்துக்கொண்டு, பனி இறங்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப் பேசாமல் இருக்க அதற்குப் பிறகு லியனார்டுக்கு யாரும் கிடைக்கவில்லை.

எண்பத்து நாலாம் ஆண்டு மாசியில் அழகனின் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்க ரயிலேறியது. தேதி மூன்று மாதத்துக்கு முன்பே தெரிந்திருந்தும் கடைசி வாரம்வரை அழகன் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபத்தில் லியனார்ட் வழியனுப்பப் போகவில்லை. தோட்டமே ஹட்டன் ஸ்டேசனில் நின்று அழுதபோது, அவன் மட்டும் காசல்ரீக் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

யூஜினா பேஸ்புக்கில் அழகனைத் தேடிக் கண்டுபிடித்த நாளிலிருந்து, எட்டு மாதங்களாக இந்த நான்கு நாள்களைப் பற்றியே பேசினார்கள். முதல் நாள் அணை, இரண்டாம் நாள் ஆறு, மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்குவது அழகன் பொறுப்பு. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று வந்த குரல் பதிவில் அழகன் சொன்னான்: "நீ ஸ்டேசனுக்கு வந்தியே, அத நான் இன்னைக்கி வரைக்கும் மறக்கலடா."

லியனார்ட் அதைப் பல தடவை போட்டுக் கேட்டார். பிறகு, அன்றைக்குத் தான் போகவே இல்லை என்பதை றோசலினிடம் சொன்னார். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தாள்.

"சொல்லிருங்க. இத மனசுல வச்சிக்கிட்டு நாலு நாளு அவரு பக்கத்துல எப்புடி ஒக்காருவீங்க?"

"கோவிச்சிக்கிட்டு வராதன்னுட்டான்னா?"

"அப்ப பேக்க பிரிச்சிருவோம்."

அதற்குள் அழகனே அழைத்தான். அணைக்கரையில் இடம் பார்க்கப் போயிருந்தான். திரையில் நரைத்த மீசையும் கம்பளிக் குல்லாவும் தெரிந்தன.

"டேய் அழகா. நான் அன்னைக்கி ஸ்டேசனுக்கு வரலடா."

அழகன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"வரலயா?"

"கோவம். காசல்ரீக்குப் போயிட்டேன்."

அழகன் குல்லாவைக் கழற்றித் தலையைத் தடவினான். "நான் ஒன்ன பாக்கவே இல்லடா. ஒன் மொகத்த பாத்தா எறங்கிருவேன்னு பயந்து, கோச்சி கக்கூசுக்குள்ள போயி கதவ சாத்திக்கிட்டேன். அடுத்த ஸ்டேசன் ரொசல்ல தாண்டித்தான் வெளிய வந்தேன். நீ பொட்டிபொட்டியா ஏறி எறங்கி என்ன தேடியிருப்ப, பாவம் பயன்னு... இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

றோசலின் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று லியனார்டுக்குப் புரியவில்லை.

"சரி, அன்னைக்கி மீனாவது கெடச்சிச்சா?" என்றான் அழகன்.

"ரெண்டு. தண்ணியிலயே விட்டுட்டேன்."

"கெட்ட பய. இரு, எடத்த காட்டுறேன்."

அவன் போனைத் திருப்பினான். சாம்பல் நிறத்தில் தண்ணீர், அதற்கப்பால் வரிசை வரிசையாகத் தேயிலை மலை, அதன் உச்சியில் மேகம். யாரும் பேசவில்லை. கரைக்குச் சற்றுத் தள்ளி ஏதோ ஒன்று மேலே வந்து தண்ணீரைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. வட்டம் விரியத் தொடங்கியபோது சிக்னல் நின்றது. படம் அப்படியே உறைந்தது. லியனார்டும் றோசலினும் தலையோடு தலை சாய்த்து, விரியாமல் நின்ற அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.