சலூனில் பிரஷர் பார்க்கப்படும்

பிரஷர் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டிய ஊர். ஆராய்ச்சி செய்ய வந்த பெண்ணும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேசினார்கள். ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள், சலூனுக்குப் போவார்கள் என்றது ஊர். மெஷினைச் சலூனில் வைத்தார்கள். பெண்களுக்கு இன்னொன்று, சலூன்காரரின் மனைவி நடத்தும் பக்கத்துத் தையல் கடையில்.

சில வாரங்கள் கழித்து ஆராய்ச்சிப் பெண் வந்தாள். முகம் சரியில்லை.

"அண்ணே, உங்க கடையில ஒருத்தருக்குக்கூட பிரஷர் சரியா இல்ல. போஸ்ட்மேனை ஆஸ்பத்திரியில திரும்பப் பாத்தாங்க. நல்லாத்தான் இருக்காரு. அலைஞ்சதுதான் மிச்சம்."

"மெஷின் கோளாறா இருக்கும்மா."

"அக்கா கடையிலயும் இதே மெஷின்தான். அங்க சரியா இருக்கே. இப்படியே போனா இங்க இருக்கறத எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க எங்க காலேஜுல."

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். மெஷின் போனால் ஊர் ஆண்களுக்கு மறுபடி இரண்டு பஸ். அதோடு, அது வந்த பிறகுதான் மைத்துனரே அவரை 'வாங்க' என்கிறார்.

"நீயே உக்காரும்மா. நான் செய்யறத பாரு."

பட்டையை அவள் கையில் சரியாகச் சுற்றினார். பொத்தானை அழுத்தினார்.

"ஆராய்ச்சி எப்பம்மா முடியும்?"

"முடிஞ்சிரும்ணே."

"போன தடவையும் அதான சொன்ன. கூடப் படிச்சவங்க எல்லாம் முடிச்சிட்டாங்களா?"

மெஷின் பீப் என்றது. இருவரும் பார்த்தார்கள்.

"உனக்கும் இருக்கேம்மா" என்றார் சலூன்காரர், கவலையாக.

அவளுக்கு விளங்கிவிட்டது.

"போஸ்ட்மேன்கிட்ட என்ன கேட்டீங்க?"

"அவரு தம்பி வளைச்சுப்போட்ட நிலம் என்னாச்சுன்னு."

"லாரி டிரைவர்கிட்ட?"

"மாமியார் ஊருக்குத் திரும்பிட்டாங்களான்னு. ஒரு அக்கறைதான்."

"பாக்கறப்ப பேசக் கூடாதுன்னு சொன்னேனே."

"அவங்க பேசலம்மா. நான்தான் பேசினேன்."

மறுநாள் சலூன்காரர் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். நாற்காலியில் போஸ்ட்மேன். கண்ணாடியில் சலூன்காரரையே பார்த்தார்.

"என்னண்ணே, ஏதாவது கெட்ட செய்தியா?"

சலூன்காரர் தலையாட்டி மறுத்தார்.

"தம்பி கோர்ட்டுக்குப் போயிட்டானா?"

இன்னும் வேகமாகத் தலையாட்டினார். பிரஷர் முன்பைவிட ஏறியிருந்தது.

அன்று மாலை ஊர் மறுபடி கூடியது. ஆராய்ச்சிப் பெண்ணும் இருந்தாள். மெஷின் வேண்டும், சலூன்காரரும் வேண்டும், இருவரும் ஒரே அறையில் வேண்டாம் என்று முடிவானது. பட்டையைச் சுற்றிவிட்டு அவர் தெருவுக்குப் போய்விட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் அமைதியாக இருந்து, பொத்தானைத் தானே அழுத்திக்கொள்வார். காத்திருப்பவர்களும் உள்ளேதான். வெளியே விட்டால் அவர்களிடம் பேசிவிடுவார்.

போஸ்ட்மேனுக்குச் சரியாக வந்தது. லாரி டிரைவருக்கும் வந்தது. மர டிப்போக்காரருக்கு மட்டும் ஏறியிருந்தது. சலூன்காரர் தெருவில் இருந்தும் ஏறியிருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். அன்றே அவரை பஸ் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்களாம். மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று ஆராய்ச்சிப் பெண் எழுதி அனுப்பினாள்.

அடுத்த வாரம் முடி வெட்ட வந்தார் புதிய பஸ் கண்டக்டர். கடைக்குள்ளே கூட்டம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சலூன்காரர் வாசலில் கைகட்டி நின்றார்.

"உள்ள என்னங்க நடக்குது?"

"பிரஷர் பாக்கறாங்க."

"யாரு பாக்கறா?"

"நான்தான்."