ஒரு விரல் பரீட்சை

என் வீட்டுக்காரர் ஒரு லேப்டாப்பின் யோக்கியதையை ஒரே விரலால் கண்டுபிடித்துவிடுவார். மூடியின் விளிம்பில் ஆள்காட்டி விரலைக் கொடுத்து மெல்லத் தூக்குவார். மூடி மட்டும் எழுந்தால் நல்ல சரக்கு. அடிப்பாகமும் கூடவே கிளம்பினால் உதட்டைப் பிதுக்குவார். அடுத்து விசைப்பலகையின் நடுவில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. குழி விழுந்தால் "தகர டப்பா" என்று தீர்ப்பு சொல்வார். அது பிளாஸ்டிக்காக இருந்தாலும் தகர டப்பாதான்.

அவர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவுக்குத் தலைவர். பேனாவிலிருந்து லேப்டாப் வரை அங்கே எதை வாங்குவதென்றாலும் அவர் தலையாட்ட வேண்டும். விருந்துக்குப் போன வீட்டிலும் விரல் சும்மா இருக்காது. என் நாத்தனார் அவருக்குத் 'தரச்சான்று' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டாள். "தரச்சான்று வருது, லேப்டாப்பை ஒளிச்சு வைங்கடா" என்று தன் பிள்ளைகளிடம் சொல்வாள். அவருக்கும் அதில் பெருமைதான்.

அலுவலகம் அவருக்குக் கொடுத்த லேப்டாப் அவர் தேர்ந்தெடுத்ததுதான். உலோக உடம்பு. ஒருமுறை மாடிப்படியில் உருண்டு விழுந்து ஒரு மூலை மட்டும் நசுங்கியது. இன்னொரு முறை முழு டம்ளர் டீயையும் குடித்துவிட்டு மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்தது. இந்த இரண்டு கதையையும் கேட்காத விருந்தாளி கிடையாது.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்வேன். பாதி பேர் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுவார்கள். மகள் பிறப்பதற்கு முன் இதையே ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்து செய்தேன். என் பழைய கணினி கண்ணை மூடியபோது அவரிடம்தான் கேட்டேன். லேப்டாப் விஷயத்தில் அவரை விட்டால் வேறு யாரைக் கேட்பது?

ஒரு சாயங்காலம் பெட்டியோடு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் விளையாட்டாக அந்த விரல் பரீட்சையைச் செய்து பார்த்தேன். மூடியோடு மொத்த லேப்டாப்பும் எழுந்து வந்தது.

"ஏங்க, இது உங்க பரீட்சையிலயே பாஸ் ஆகலையே?"

அவர் சிரித்தார். "ஆபீஸ்ல அதைத் தூக்கிக்கிட்டு நாள் பூரா ஓடுவாங்க. நீ எங்க ஓடப்போற?"

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு நானும் கூடச் சிரித்தேன்.

வருஷம் திரும்புவதற்குள் இடது மூலை வாயைப் பிளந்தது. பழுது பார்க்கும் கடைக்கார அம்மா அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். கீலைப் பிடித்திருந்த திருகுகள் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன.

"உள்ளே எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. கீல் இறுக்கம், அதைப் பிடிச்சிருக்கறது வெறும் பிளாஸ்டிக். ஒவ்வொரு தடவை திறந்து மூடறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா பிச்சிக்கிட்டே வந்திருக்கு. பசை வச்சுத் தரேன். ஆனா இனிமே மூடாதீங்க. திறந்தது திறந்தபடியே இருக்கட்டும்."

அன்றிலிருந்து அது சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு எப்போதும் திறந்தே இருந்தது. வேலை முடிந்தால் மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடுவேன். மகள் ஒரு அட்டையில் சிவப்புப் பேனாவால் 'மூடாதே' என்று எழுதி மூடியின் விளிம்பில் ஒட்டினாள். தூசி தட்டும்போதுகூட நான் அதன் மூடியைத் தொட்டதில்லை.

இந்த நிலையில்தான் பழைய மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. தட்டச்சுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேண்டுமாம். நிரந்தர வேலை. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும், ஒரே தடவைதான், காலையில். அதில் தேறினால் எனக்கென்று மறுபடி ஒரு நாற்காலி, ஒரு மேசை, பெயருக்குப் பின்னால் ஒரு பதவி. எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று வெளியே சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

தேர்வுக்கு முதல் நாளே அவரிடம் கேட்டேன். "நாளைக்குக் காலையில மட்டும் உங்க லேப்டாப் தரீங்களா? என்னோடது நடுவுல கழுத்தறுத்தா என்ன பண்றது?"

"ஆபீஸ் மெஷினை வீட்டு ஆளுங்க தொடக்கூடாது. விதி."

"எவன் எழுதின விதி?"

"நான்தான்."



அன்று சாயங்காலம் கணக்குப் பிரிவு நண்பர் ஒருவரைக் கூட்டி வந்தார். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு எப்படியோ லேப்டாப்புக்குப் போனது. தன் மகளுக்கு ஒன்று வாங்க வேண்டும், விலை குறைந்ததற்கும் கூடியதற்கும் அப்படி என்னதான் வித்தியாசம் என்று நண்பர் கேட்டுவிட்டார். தீர்ந்தது. படிக்கட்டுக் கதை வந்தது. டீக் கதையும் வந்தது.

"சொன்னாப் புரியாது. இருங்க, காட்டறேன்."

தட்டோடு ஓடி வந்தேன். அதற்குள் தன்னுடையதையும் என்னுடையதையும் மேசை நடுவில் அக்கம்பக்கமாக வைத்திருந்தார். துண்டு நாற்காலியில் கிடந்தது. திறந்து காட்ட வேண்டுமென்றால் முதலில் மூட வேண்டுமே. மூடியும் விட்டார்.

"ஏங்க, அதை..."

"ஒரு நிமிஷம்."

முதலில் தன்னுடையதற்கு ஒரு விரல். மூடி பூப்போல எழுந்தது. பிறகு என்னுடையதற்கு. 'மூடாதே' அட்டையின் மேலேயே அந்த விரல் இருந்தது. மொத்தமாக எழுந்தது, அவர் மறுகையால் அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்தார், 'படக்' என்று ஒரு சத்தம். கீல் வெளியே வந்துவிட்டது. கூடவே உள்ளேயிருந்து சர்க்யூட் போர்டின் ஒரு துண்டும் பிய்ந்து வந்து தொங்கியது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!" என்றார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நண்பர் குனிந்து பார்த்தார். "சார், போன வருஷம் நம்ம ஆபீஸுக்கு லாயக்கில்லைன்னு நீங்க திருப்பி அனுப்பின மாடல்தானே இது?"

"அதேதான். பார்த்த உடனேயே சொன்னேன், ஒரு வருஷம் தாங்காதுன்னு."

நான் தட்டை மேசையில் வைத்தேன். வைத்த வேகத்தில் டீ சிந்தியது. அவர் சட்டென்று தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டார்.

பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒரு விளக்குகூட வரவில்லை. பழுது பார்க்கும் கடை பூட்டியிருந்தது. நண்பர் போனதும் மறுபடி கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "விதியைப் போட்டவனே மீறலாமா? வேற ஏற்பாடு பண்ணிக்கோ" என்றார். காலையில் தன் லேப்டாப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, "நல்லா எழுது" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

கைப்பேசியில் எழுதினேன். மருத்துவர் குரல் ஓட ஓட, இரண்டு கட்டைவிரல்களால் எவ்வளவு துரத்த முடியும்? பாதியிலேயே நேரம் முடிந்துவிட்டது. மகள் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். தோளில் கை வைத்தார்.

"விடு. நல்ல வேளை, விலை கூடினதா வாங்கித் தரலை. வாங்கியிருந்தா, அந்த வேலையும் கிடைக்காம இப்ப சும்மா கிடந்திருக்கும்."

உடைந்ததைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். அவர் எடுத்து வந்து துடைத்து மறுபடி மேசையில் வைத்தார்.

"இதை எதுக்குப் போடற? யாராவது வந்தா காட்ட உதவும்."

வந்தார்கள். போன வாரம் நாத்தனார் குடும்பம். சாப்பிட்டு முடித்ததும் அவர் விரலை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன். "இருங்க, நான் சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இது இவரு ஆபீஸுக்கு ஆகாதுன்னு தள்ளினது. ஆகாதுன்னு தெரிஞ்சே எனக்கு வாங்கித் தந்தது. ஒரு வருஷம் தாங்காதுன்னு சொன்னாரு, அது எங்கே தாங்கிடுமோன்னு பயந்து அவரே உடைச்சுட்டாரு. நான் பரீட்சை எழுதறதுக்கு முதல் நாள்."

ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது இவர்தான். என் மகள் மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "என்னைவிட நீ நல்லாச் சொல்ற. இனிமே யார் வந்தாலும் நீயே சொல்லு."