பேட்டரித் திருநீறு

ரதி சாவியைத் திருகினாள். வேன் 'டக்' என்றது, அவ்வளவுதான். மறுபடி திருகினாள். மறுபடியும் ஒரே ஒரு 'டக்'. பின்னால் உட்கார்ந்திருந்த பதினோரு பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள்.

"வேனு இன்னிக்கு ஒடம்புக்கு முடியலன்னு எம்.சி. போட்டுருச்சிலா," என்றாள் முத்தாயி.

ரதிக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டாள். பகாவ் பட்டணத்திலிருந்து பத்து மைல் உள்ளே, அவர்கள் வேலை செய்யும் செம்பனைத் தோட்டத்தில் காலை ஆறரைக்குப் பெரட்டு. பேர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. இந்த மாதம் இரண்டு தரம் வேன் மக்கர் பண்ணி எல்லாருமே பிந்திவிட்டார்கள். மூன்றாவது தரமும் பிந்தினால் அவளை மறுபடி மருந்தடிக்க அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். முதுகில் பம்பு சுமந்து ஏழு வருஷம் புல்லுக்கு விஷம் அடித்தவள் அவள். ஸ்டீயரிங் பிடித்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்தச் சீட்டை விட்டு இறங்க அவளுக்கு மனசே இல்லை.

முன்மூடியைத் தூக்கிக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தாள். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வெள்ளை வெளேரென்று பொடி பூத்துக் கிடந்தது. அதை அவள் தினமும்தான் பார்க்கிறாள். ஆயுத பூசையன்று கோயில் பூசாரி மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் திருநீறு போட்டிருந்தார். சாமி பேரில் போட்டதை யாராவது துடைப்பார்களா? தினம் ஒரு கும்பிடு போட்டு மூடிவிடுவாள். அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

முத்தாயி இறங்கி வந்து, "முருகா, இன்னிக்கு மட்டும் ஓட வச்சிரு," என்று ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இழுத்துக்கொண்டாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏய், எரியுதுடி."

"என்னாக்கா எரியுது?"

"நெத்தி. இது திருநீறு இல்ல ரதி, ஆசிட்டு பூத்த உப்பு. ரப்பர் பாலுக்கு ஆசிட்டு ஊத்துனவ நானு, எனக்குத் தெரியாதா?"

வேனிலிருந்து இறங்கிவந்த குமுதவல்லி அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய் நெற்றியைக் கழுவிவிட்டாள். சிரிப்பில் பாதித் தண்ணீர் முத்தாயியின் சட்டைக்குள் போனது. ரதி தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாளாக எதைப் போய்க் கும்பிட்டிருக்கிறாள்.

"புளிச்ச மாவுக்கு என்னா போடுவ? சோடா மாவு. இதுவும் புளிப்புதான்லா," என்றாள் முத்தாயி, முகத்தைத் துடைத்தபடி.

ஆப்பத்துக்கு வைத்திருந்த சோடா மாவை எடுத்துவரக் குமுதவல்லி வீட்டுக்கு ஓடினாள். ரதி பத்தாம் நம்பர் ஸ்பானாவால் கறுப்பு ஒயரை முதலில் கழற்றினாள், பிறகு சிவப்பு. சோடா மாவைத் தூவி, பிளாஸ்க்கிலிருந்த வெந்நீரை ஊற்றியதும் அது புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. பழைய பல் துலக்கும் பிரஷால் ஈயம் பளபளக்கத் தேய்த்து, அலசி, ஈரம் போகத் துடைத்தாள். சிவப்பை முதலில் மாட்டி, கறுப்பைப் பிறகு முடுக்கி, இரண்டின் மேலும் முத்தாயி பித்தவெடிப்புக்குப் பூசும் வாசலினைத் தடவினாள்.

ஒரே திருகு. வேன் உறுமிக்கொண்டு எழுந்தது. முத்தாயி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். வழி நெடுக ஒரே கூத்து. பெரட்டுத் திடலில் அவர்கள் இறங்கியபோது இன்னும் நாலு நிமிஷம் மிச்சமிருந்தது.

வேன் நின்றுபோன கதையைப் பெண்கள் பேசுவதைக் கேட்டு மேனேஜரே நடந்து வந்தார். "யாரு ரிப்பேர் பண்ணது?"

ரதி திருநீற்றுக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவரும் வாய்விட்டுச் சிரித்தார். "கெட்டிக்காரிதான். நீயே ஓட்டு, இனிமே யாரும் எறக்க மாட்டாங்க." பெண்கள் கைதட்டினார்கள். ரதிக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

மேனேஜர், பேர் கூப்பிட்டு ஆட்களை மேய்க்கும் மண்டோர் தர்மராஜிடம் திரும்பினார். "டிராக்டருங்க பேட்டரியயும் இவளே கழுவட்டும். வேல முடிஞ்ச பெறகுதான, சும்மாதான் இருப்பா."

"சோடா மாவு நீயே கொண்டாந்துரு ரதி," என்றார் மண்டோர்.

சாயங்காலம் பெண்களை வீட்டில் இறக்கிவிட்டு அவள் கொட்டகைக்குப் போனபோது, ஆறு டிராக்டர்கள் மூடியைத் திறந்துவைத்து வரிசையாக நின்றன. ரதி முதல் வண்டியின் கறுப்பு ஒயரைக் கழற்றத் தொடங்கினாள். அவற்றை ஓட்டும் ஆறு ஆண்களும் பலகையில் உட்கார்ந்து தே தண்ணி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெந்நீர் எடுக்கப் போனபோது, ஒருவர் மட்டும் வழிவிடக் காலை மடக்கிக்கொண்டார்.